விரிசல் விட்டால் வீசி எறிவதா?

வெள்ளிக்கிழமை மாலையில் ஓசூர் சாலையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் முதுகில் ஒரு பை, பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு பை என்று கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறார்கள். ஒருவருக்குக் கிருஷ்ணகிரி, ஒருவருக்குத் தருமபுரி, இன்னொருவருக்கு வாணியம்பாடி. அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகும் மோட்டார் சைக்கிள்களில் பழைய வண்டிகள் ஏராளம். பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடியவை. என்ஜின் சத்தத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் முகப்பையும் பக்கத்தையும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவசத்தைப் பாருங்கள். ஒன்றில் பழுப்பு நிற டேப் ஒட்டியிருக்கும், ஒன்றில் கட்டுக்கம்பி, இன்னொன்றில் அந்த இடமே காலியாக, உள்ளே இருக்கும் ஒயரெல்லாம் வெளியே தெரியும்.

இந்தக் கவசத்தைத்தான் ஃபேரிங் என்கிறார்கள். நம் மெக்கானிக்குகள் பொதுவாக ‘ஃபைபர்’ என்று சொல்லிவிடுவார்கள். என்ஜினுக்கு வயதாகவில்லை, மேல் சட்டைதான் கிழிந்திருக்கிறது. சட்டை கிழிந்ததற்காக ஆளையே மாற்று என்று சொல்லும் காலத்தில் நாம் இருக்கிறோம்.

ஒரு சாண் விரிசல், மூன்று ஆண்டுக் கடன்

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் இளைஞர், கூரியர் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அண்ணன் ஓட்டிவிட்டுக் கொடுத்த 2009ஆம் ஆண்டு வண்டி அவருடையது. சந்தில் நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். இடது பக்க ஃபேரிங்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். போல்ட் மாட்டும் காது ஒன்றும் ஒடிந்துவிட்டது.

உதிரி பாகக் கடையில் விசாரித்திருக்கிறார். “அந்த மாடல் நின்று போய்விட்டது. தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்தாலும் ஒரு பக்கம் மட்டும் வராது, செட்டாகத்தான் வரும்” என்று ஆறாயிரத்துக்கு மேல் ஒரு தொகை சொன்னார்களாம். இன்னோர் இடத்தில், “இதற்குப் போய் ஏன் செலவு செய்கிறீர்கள்? பழையதைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுங்கள். முப்பத்தாறு மாதத் தவணை” என்று பாரத்தையே எடுத்து நீட்டியிருக்கிறார்கள்.

“எடுத்துடலாமாண்ணா?” என்று என்னிடம் வந்து கேட்டார். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை என்பது எனக்குத் தெரியும். “கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுத்துக்கொள்ளப்பா” என்றேன். அந்த இரண்டு ஞாயிறுகளில், முந்நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. வண்டி இன்றும் ஊருக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு சாண் விரிசல் ஒரு குமாஸ்தாவை மூன்று ஆண்டுக் கடனில் தள்ளப் பார்த்தது. இது சின்ன விஷயமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

தகரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது

இதே மாநிலத்தில், மைசூரில், 1996 வரை ஜாவா, யெஸ்டி வண்டிகள் தயாராயின. அவற்றின் மேலுடம்பு தகரம். ஒடுங்கினால் டிங்கரிங் செய்பவர் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். அந்தக் காலத்து பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அதே வைத்தியந்தான். பிறகு பிளாஸ்டிக் வந்தது. ஜப்பானில் ஹோண்டா கம்பெனி 1958லேயே தன் ‘சூப்பர் கப்’ வண்டிக்குப் பிளாஸ்டிக்கில் கால் கவசம் வைத்துவிட்டது. நம் நாட்டில் 2003ல் வந்த கரிஷ்மா, 2008ல் வந்த ஆர்-15 போன்ற வண்டிகள் ஃபேரிங்கை இளைஞர்களின் கனவாக்கின.

பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல வரவில்லை. எடை குறைவு, துருப்பிடிக்காது, வேண்டிய வளைவில் வார்க்கலாம். ஆனால் தகரத்துக்குத் தெருவுக்குத் தெரு ஒரு டிங்கர் இருந்தார். பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒருவர் வரவில்லை. ‘பிளாஸ்டிக் உடைந்தால் உடைந்ததுதான்’ என்று நாமும் நம்பிவிட்டோம்.

அது உண்மையல்ல. நம் ஊர்களில் பிளாஸ்டிக் குடம் பரவிய நாட்களில், பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு தெருவில் வந்து ஓட்டைக் குடத்தை ஒட்டிக் கொடுத்தவர்களை மறந்துவிட்டோமா? ஈயம் பூசுகிறவரைப் போல அவரும் தெருவுக்குத் தெரிந்த மனிதர். ஃபேரிங்கைச் சரி செய்வதும் அவருடைய வித்தைதான். கொஞ்சம் பொறுமையும், பிளாஸ்டிக்கின் பெயரைத் தெரிந்துகொள்ளும் அக்கறையும் இருந்தால் போதும்.

முதலில் பெயரைப் படியுங்கள்

கவசத்தைக் கழற்றி உட்புறம் பாருங்கள். பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்றோ, பி.பி. என்றோ ஆங்கில எழுத்துகள் வார்த்திருக்கும். (பிரேக்குக்குச் சொல்லும் ஏ.பி.எஸ். வேறு, இது பிளாஸ்டிக்கின் பெயர்.) பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த வெளிக் கவசங்கள் பொதுவாக ஏ.பி.எஸ்.; பெயிண்ட் இல்லாத கறுப்பு மட்கார்டுகளும் உள் மூடிகளும் பெரும்பாலும் பி.பி. என்கிற பாலிபுரொப்பிலீன். எழுத்து அழிந்திருந்தால், ஓரத்தில் ஒரு சிறு சீவல் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பி.பி. பொதுவாக மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஒட்டுவதால்தான் பாதி ஒட்டுகள் ஒரு மாதத்தில் விட்டுப்போகின்றன. அசிடோன் ஏ.பி.எஸ்.ஸைக் கரைக்கும்; பி.பி.யை ஒன்றும் செய்யாது. உடனே பிடிக்கும் பசையோடு சமையல் சோடாவைத் தூவினால் கல்லாக இறுகும் என்பது பலருக்கும் தெரிந்த வித்தை. ஒடிந்த காதைத் தற்காலிகமாக நிறுத்த அது உதவும். ஆனால் அது வளையாது. வண்டியோ ஓடும்போதெல்லாம் அதிர்கிறது. வளையாத ஒட்டு அதிர்ச்சியில் மறுபடியும் விடும். தண்ணீர்க் குழாய்க்கு வைக்கிற எம்சீலை இங்கே வைத்தாலும் இதே கதைதான்.

ஏ.பி.எஸ். கவசத்துக்கு நாங்கள் செய்தது இதுதான். சோப்பால் கழுவி நன்றாக உலர்த்தினோம். விரிசல் முடிகிற நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவில் ஓர் ஓட்டை போட்டோம். ‘விரிசலுக்கு மருந்து ஓட்டையா?’ என்று அந்த இளைஞர் சிரித்தார். கூரான நுனியில்தான் இழுவிசை முழுவதும் குவிந்து விரிசலை மேலே மேலே நடத்திக்கொண்டு போகிறது. நுனியை வட்டமாக்கிவிட்டால் விசை பரவி, விரிசல் அங்கேயே நின்றுவிடும். பிறகு முன்புறம் டேப் ஒட்டி இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உட்புறமாக விரிசல் நெடுகப் பாதி ஆழத்துக்கு ஒரு பள்ளம் சீவினோம்.

சிவாஜிநகர் குஜரியில் வாங்கிய உடைந்த ஏ.பி.எஸ். துண்டு ஒன்றைச் சீவி, கண்ணாடிப் புட்டியில் அசிடோன் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தோம். காலையில் தேன் பதத்துக்குக் கரைந்திருந்தது. அதைப் பள்ளத்தில் மெல்லிய பூச்சாகப் பூசி, நன்றாக உலரவிட்டு, மறுபடியும் பூசி, பள்ளத்தை நிரப்பினோம். இது பசையல்ல, அதே பிளாஸ்டிக், அதே உடம்போடு கலந்து இறுகுகிறது. ஒரு வாரம் உலரவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய டீ வடிகட்டியின் எவர்சில்வர் வலையில் ஒரு கீற்று வெட்டி, ரேடியோ ரிப்பேர்க்காரர் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னால் உட்புறம் அழுத்திப் பதித்தோம். காதுக்கும் அப்படியே. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர், பெயிண்ட்.

பி.பி. கவசமென்றால் இந்தக் கரைசல் பயன்படாது. அதே பி.பி. எழுத்துள்ள பழைய மட்கார்டிலிருந்து ஒரு கீற்று வெட்டி, சூட்டினால் இரண்டையும் உருக்கிச் சேர்ப்பதே வழி.

எச்சரிக்கை ஒன்று. அசிடோன் பெட்ரோலைப் போலத் தீப்பற்றும். ஒற்றை அறையில் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நம்மில் அதிகம். அறைக்குள் இந்த வேலை வேண்டாம். மொட்டை மாடிக்குப் போங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. பூச்சு முழுதாக உலராமல் சூட்டுக்கம்பியைத் தொடாதீர்கள். உருகும் பிளாஸ்டிக்கின் புகையையும் சுவாசிக்கக் கூடாது.

மாட்டும்போது இன்னொரு சங்கதி. எல்லா விரிசல்களும் விழுந்ததால் வருவதில்லை. போல்ட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் காணாமல் போனதாலும், ஸ்பானரை அளவுக்கு மீறி முறுக்கியதாலும் கூட வருகின்றன. பத்து ரூபாய் ரப்பரை மறந்தால் ஆறாயிரம் ரூபாய்க் கவசம் உடையும். பிரேக் ஆயில் பட்டாலும் ஏ.பி.எஸ். வெடிக்கும், உடனே துடைத்துக் கழுவிவிட வேண்டும்.

ஒட்டக் கூடாதவை

எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெல்மெட்டின் ஓடும் பல சமயம் இதே ஏ.பி.எஸ்.தான். ஆனால் விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை ஒட்டவே கூடாது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கித்தான் நம் தலையைக் காப்பாற்றுகிறது. நசுங்கியது மீண்டும் எழும்பாது. அங்கே சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக் லீவர், ஃபோர்க், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ஆகியவையும் அப்படியே. ஒட்டுப் போட்ட ஃபேரிங்கை மாட்டிய பின், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

கட்டுக்கம்பியில் தொங்கும் உடைந்த கவசம் ஓடுகிற வண்டியில் கழன்று சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே இது அழகுக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல.

கம்பெனிகளும் அரசும் கவனிக்குமா?

பழைய வண்டிகளைக் கட்டி அழுவதைவிட ஒழித்துக்கட்டுவதே நல்லது என்பவர்கள் உண்டு. புகை கக்கும் வண்டியை ஓட்டச் சொல்லி நான் வாதாடவில்லை. ஆனால் புகை வருவது என்ஜினிலிருந்து, ஃபேரிங்கிலிருந்து அல்ல. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டியைச் சோதனைக்குக் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. சட்டம் ஓடலாம் என்கிற வண்டியை உதிரி பாகம் இல்லாமல் படுக்க வைப்பது என்ன நியாயம்? உடைந்த கவசங்கள் கடைசியில் போவது எங்கே? குப்பைமேட்டில் எரிக்கப்பட்டால் ஏ.பி.எஸ். நச்சுப்புகையைத்தான் கக்கும்.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ல் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. நல்ல ஆரம்பம். ஆனால் தகவல் தருவதோடு நின்றுவிட்டால் சந்தில் கிடக்கும் வண்டி எழுந்து ஓடாது.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு பிளாஸ்டிக் பாகத்திலும் அதன் பெயர் அழியாமல் பதிக்கப்பட வேண்டும். ஒரு மாடலை நிறுத்தினால், அதன் உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை வண்டி விற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். இடது பக்கம் உடைந்தவனுக்கு வலது பக்கத்தையும் சேர்த்துத் தலையில் கட்டும் பழக்கம் ஒழிய வேண்டும். 1968ல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனமான சிப்பெட்டுக்கு மைசூரிலும் ஒரு மையம் இருக்கிறது. தெருவோர மெக்கானிக்குகளுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் குறுகிய கால வெல்டிங் பயிற்சி கொடுத்தால், தகரத்தோடு போன டிங்கர் பிளாஸ்டிக்கோடு திரும்பி வருவார். அந்தத் தொழிலில் நம் பிள்ளைகள் பலருக்குப் பிழைப்பும் கிடைக்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. கவசம் உடைந்தால் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துங்கள்; அவைதான் நாளைக்கு மருந்து. குஜரியிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய பாகம் வாங்கினால் ரசீது கேளுங்கள். தவணைப் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், கவசத்தைக் கழற்றி உட்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் கடனில்லாமல் போகட்டும்.