இனத்தை நொந்து பயனென்ன?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் கம்பளையில் ஆட்டின் எடை பற்றிய பேச்சு சூடுபிடிக்கும். செம்மறிக் குட்டி மெலிந்திருந்தால் வளர்த்தவரும் வாங்க வந்தவரும் சொல்லும் காரணம் ஒன்றே: "இனம் சரியில்லை." கடன்பட்டு உயர்ரகக் கிடா வாங்கும் யோசனை அங்கேதான் பிறக்கிறது.

கடன்படுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மைப் போன்றே மலைநாடான நீலகிரியில், சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி இனத்தை வளர்க்கிறார்கள். ஒரே இனம், ஒரே பண்ணை. ஆயினும் குட்டிகளின் எடை ஒன்றல்ல. பிறந்த ஆண்டு, பருவம், ஒற்றையா இரட்டையா என்பது, தாயின் ஈத்து ஆகியவற்றுக்கேற்ப அது மாறுகிறது. இரட்டைக் குட்டிகள் ஒரே மடியைப் பங்கிடுகின்றன. முதல் ஈத்துத் தாயின் உடல் இன்னும் வளர்ந்து முடியவில்லை; பால் குறைவு. புல் வாடிய மாதத்தில் எந்தத் தாய்க்கும் பால் வற்றும்.

கம்பளையில் மழையும் சேர்கிறது. யாழ்ப்பாணச் செம்மறி வறண்ட நிலத்துக்குப் பழகியது. இங்கே ஈரப்புல்லில் குடற்புழுவும் சேற்றில் குளம்பழுகலும் காத்திருக்கின்றன. எந்தக் கிடாவைக் கொண்டுவந்தாலும் இவை விலகா.

ஆகவே உதவித் திட்டங்கள் கிடாக்களை எண்ணிக் கொடுப்பதோடு நின்றுவிடலாகாது. ஒரு தராசு, ஒரு கொப்பி, காலந்தவறாத புழுமருந்து, நிலத்திலிருந்து உயர்த்திய பலகைக் கொட்டில் ஆகியனவும் வேண்டும். ஆலோசனை கேட்கப் பேராதனை மிருக வைத்திய பீடம் அருகிலேயே இருக்கிறது. பிறந்த நாள், எடை, தாயின் ஈத்து இவற்றை இரண்டாண்டுகள் எழுதிப் பார்ப்போம். அதன் பிறகு இனத்தைக் குறை கூறலாம். அதுவரை மெலிந்த குட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.