கவசத்துக்குள் ஒரு முகம்



2022-இல் வந்த 'லைட்இயர்' கார்ட்டூன் படத்தைப் பேரப்பிள்ளைகள் இப்போது பார்க்கிறார்கள். விண்வெளி வீரன் பஸ்ஸைத் துரத்தும் வில்லன் சர்க்குக்குத் தலை முதல் கால் வரை கவசம். அது திறந்தால், உள்ளே வயதான பஸ்! செய்த பிழையைக் காலத்தில் பின்னால் போய் அழித்தே தீருவேன் என்ற பிடிவாதம் நல்லவனையே வில்லனாக்கிவிட்டது.

வில்லன் வில்லனாகவே இருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன்.

நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கூத்தில் துரியோதனன் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் கட்டி என்ன மிடுக்காக வருகிறான்! படுகளத்தன்று களிமண்ணால் செய்து கிடத்திய அவன் தொடை பிளக்கப்படுகிறது. பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். ஆனால் அவனுக்காகவும் ஒப்பாரி எழுகிறது. தண்டனையும் உண்டு, கண்ணீரும் உண்டு.

வகுப்பில் ஒருவனுக்குக் 'கெட்ட பையன்' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயரே அவனுக்குக் கவசமாகிவிடும். பிறகு கழற்றுவது கடினம். ஆசிரியராகவும் பெற்றோராகவும் இருக்கும் என் பிள்ளைகளே, செய்த தப்பைக் கண்டியுங்கள், பட்டம் கட்டாதீர்கள்.

அடுத்த திருவிழாவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள். ஒப்பாரி முடியும்வரை இருங்கள்.