“நோகாது” என்னும் பொய்

வைத்தியசாலைக் கட்டிலருகே நின்று நாம் யாவரும் சொல்லும் பொய் ஒன்றுண்டு. “ஒன்றும் நோகாது, பயப்படாதேயுங்கள்” என்பதே அது. எமது தமக்கையாருக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை நடப்பதற்கு முதல்நாள் மாலை நாமும் அதனையே சொல்லிக்கொண்டு நின்றோம். அவர் கத்திக்கு அஞ்சினாரல்லர். மயக்கத்திலிருந்து விழியாமலே போய்விடுவேனோ என்றுதான் அஞ்சினார்.

அவ்வேளை மயக்க மருந்து வைத்தியர் வந்தார். கதிரையொன்றை இழுத்துக் கட்டிலருகே அமர்ந்தார். “அம்மா, விழித்தபின் நோகும். வலது விலாவின் கீழே நோகும்; இருமினால் இன்னுங் கூடும். அதற்கு மருந்து தருவோம். நீங்கள் கண்விழித்து நன்றாக மூச்சுவிடும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன்” என்றார்.

எமக்கு நாணமாயிருந்தது. தமக்கையாருக்கோ முகந் தெளிந்தது. அதுவரை எமக்குஞ் சொல்லாத ஒன்றை அவருக்குச் சொன்னார்: முன்பல்லொன்று ஆடுகின்றதாம்! சுவாசக் குழாயை வாய்வழி செலுத்தும்போது அப்பல் கழன்று விழுந்தால் ஆபத்தாகும். வைத்தியர் அதனைக் கவனமாய்க் குறித்துக்கொண்டார். மெய் சொன்னவரிடத்தே மெய் சொல்ல மனம் வந்தது போலும்.

இஃது ஒரு வைத்தியரின் நற்குணம் மாத்திரமன்று; ஆராய்ந்து கண்ட முறையுமாகும். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே, ஈதர் மயக்கத்திற் சத்திரசிகிச்சை செய்து உலகுக்குக் காட்டினர். அதே வைத்தியசாலையில் லோறன்ஸ் எக்பேட் என்னும் மயக்க மருந்து வைத்தியரும் அவர் கூட்டாளிகளும், வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்த 97 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு எங்கே நோகும், எவ்வளவு நோகும், எத்தனை நாள் நோகும், தசைகளைத் தளர்த்தி நோவைத் தணிப்பதெப்படி என்றெல்லாம் முன்கூட்டியே விளக்கினர். மற்றவர்க்கு நோவைப்பற்றி ஏதுஞ் சொல்லவில்லை. 1964இல் வெளிவந்த முடிவு வியப்புக்குரியது. விளக்கம் பெற்றோருக்கு நோவடக்கும் மருந்து ஏறக்குறையப் பாதியே போதியதாயிற்று. சராசரி 2.7 நாள் முன்னதாகவே அவர்கள் வீடு திரும்பினர். வீட்டுக்கு அனுப்பிய சத்திரவைத்தியர்களுக்கோ, விளக்கம் பெற்றவர் யாரென்பதே தெரியாது.

ஆதலால், சத்திரசிகிச்சைக்குப் போகும் அன்பர்களே, மயக்க மருந்து வைத்தியரிடம் கூசாது கேளுங்கள். உண்ட நேரம், குடிக்கும் மருந்து, புகைப்பழக்கம் எதனையும் மறையாது சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் உறவினர், “நோகும், ஆனால் நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லப் பழகுவோமாக.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் எம்மைக் கண்டதுந் தமக்கையார் மெல்ல நகைத்தார். “தம்பி, அவர் சொன்ன இடத்திலேதான் நோகிறது” என்றார். அக்குரலிலே அச்சமில்லை.