மயிலாப்பூரில் சாப்பிடலாம், படுக்க முடியாது

பங்குனியில் உளுந்து எடுத்து முடிச்சாச்சுன்னா கையில் நாலு நாள் மிச்சம் இருக்கும். இந்தத் தடவை அந்த நாலு நாளில் அத்தையை அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் டாக்டரைப் பார்க்கணும், மறுநாள் காலை ஏழு மணிக்கு வெறும் வயித்தோட ரத்தம் கொடுக்கணும். நடுவுல ஒரு ராத்திரி. இந்தப் பதிவு அந்த ஒரு ராத்திரியைப் பத்தித்தான்.

மன்னை எக்ஸ்பிரஸ்ல விடியக்காலை எழும்பூர் போய் இறங்கினோம். டாக்டரைப் பார்த்து முடிக்கப் பன்னிரண்டு ஆயிடுச்சு. "இன்னிக்கு மயிலாப்பூர்ல அறுபத்து மூவர்"ன்னு ஆட்டோக்காரர் சொன்னதும் அத்தைக்கு முகம் மாறிப்போச்சு. எழுபது வயசு. பார்க்கணும்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தவங்க. சரி வாங்கன்னு கூட்டிக்கிட்டுப் போனேன்.

போகாதவங்களுக்குச் சொல்றேன். கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். நாயன்மார்கள் எல்லாரும் சின்னச் சின்னப் பல்லக்கில் மாட வீதி சுத்தி வருவாங்க. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு மோர், பானகம், புளியோதரை, சுண்டல்னு யாரோ எவருக்கோ கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் நான் பையில கையே விடலை. அத்தை முந்தானையில மூணு பொட்டலம் முடிஞ்சு வச்சிருந்தாங்க.

சாப்பாட்டுக்கு அந்த ஊரை மிஞ்ச முடியாது. இதைத் திருவிழாவை மட்டும் வச்சுச் சொல்லலை. காலையில் ராயர் மெஸ்ல இட்லியும் கெட்டிச் சட்னியும், இல்லாட்டி கற்பகாம்பாள் மெஸ். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியா டிபன் கொடுத்தே பேர் வாங்கின ஜன்னல் கடை. வெயிலுக்குக் காளத்தி கடை ரோஸ் மில்க். கையில் காசே இல்லைன்னாலும் கோயிலில் மத்தியானம் அன்னதானம் உண்டு. 2013-ல் அம்மா உணவகம் ஆரம்பிச்சப்ப இட்லி ஒரு ரூபா, தயிர் சாதம் மூணு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு ரூபா. பசியோட வந்தவன் பட்டினியா போகக்கூடாதுன்னு கோயில், அரசாங்கம், கடைக்காரர், தெருவில் பந்தல் போடுறவர்னு எல்லாருமே நினைச்சிருக்காங்க. சம்பந்தர் இந்த ஊரில் பூம்பாவையை எழுப்பப் பாடின பதிகத்திலேயே அடியாருக்குச் சோறு போடுற விஷயம் முதல் பாட்டிலேயே வந்துடும். அவ்வளவு பழைய பழக்கம்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கூட்டம் கலைஞ்சது. அப்புறம்தான் நான் இடம் தேட ஆரம்பிச்சேன். முன்கூட்டியே பார்க்காதது என் தப்புதான், ஒத்துக்கறேன். முதல் லாட்ஜ்ல 2,800 ரூபா. ரெண்டாவதுல ரூம் இருந்தது. ஆனா என் ஆதார்ல ஒரு விலாசம், அத்தை ஆதார்ல வேற விலாசம். "ஃபேமிலின்னு எப்படி சார் நம்புறது?"ன்னு கேட்டான் அந்தப் பையன். எழுபது வயசுக் கிழவியைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? திருவல்லிக்கேணி மேன்ஷனெல்லாம் ஆம்பிளைங்களுக்குத்தான். தி. நகர் போங்க, அங்க நிறைய இருக்குன்னாங்க. இருக்கு, பட்டுப்புடவையும் நகையும் எடுக்க வர்றவங்க கணக்குக்கு. (தி. நகரே ஒரு காலத்துல ஏரி. 1920-களில் மாம்பலம் பக்கத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து வந்த ஊர்தான் அது. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு பேர் மட்டும் பாக்கி. அதை எப்பப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும். அது வேற கதை.)

கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல உட்கார்ந்தோம். பழைய கட்டடம். பலகையில் இன்னமும் 'சத்திரம்'னுதான் எழுதியிருக்கு. வாட்ச்மேன் விழுப்புரம் பக்கத்துக்காரர், அவரும் ஒரு காலத்துல கரும்பு போட்டவராம். அத்தையைப் பார்த்துட்டு, "பெரியம்மா உள்ள பெஞ்சுல படுத்துக்கட்டும். நீங்க வெளியவே இருங்க தம்பி. மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும், நாலரைக்கெல்லாம் கிளம்பிடணும்"ன்னார். தண்ணி குடிக்க ஒரு தடவை உள்ளே போனேன். வரிசையா பத்து ரூம், பத்தும் பூட்டியிருந்தது. பின்னாடி குளியல் ரூம், பெரிய சமையல்கட்டு. அன்னிக்கு முகூர்த்தம் இல்லாததால மொத்தக் கட்டடத்துலயும் அத்தையும் வாட்ச்மேனும் மட்டும்தான்.

தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குச் சத்திரம்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராமேசுவரம் போற வழியில் ஒரத்தநாட்டுல முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிக்குது. 1801-ல், கும்பினிக்காரன் சத்திரங்கள்ல கை வச்சிடப் போறானேன்னு சரபோஜி மன்னர் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே சோறு மட்டும் போடலை, வழியில் நோவுல விழுந்தவனைத் தேறுற வரைக்கும் வச்சுப் பார்த்துக்கறோம், பிள்ளைத்தாய்ச்சியைக் கவனிக்கறோம்னு அதுல விவரமா சொல்லியிருக்கார். நோயாளியைக் கூட்டிக்கிட்டு ஊர் விட்டு ஊர் வர்றவனை 200 வருஷத்துக்கு முந்தியே கணக்குல வச்சிருந்திருக்காங்க. சென்னையிலும் 1782-ல் ஹைதர் அலி சண்டையில் பயிர் அழிஞ்சு பஞ்சத்துல பட்டணத்துக்கு ஓடி வந்த நம்மளை மாதிரி ஆளுங்களுக்குக் கஞ்சி ஊத்தத்தான் மணியக்காரர் சத்திரம் வந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னிக்கும் பழைய ஆளுங்க கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்றது அதனாலதான்.

அப்புறம் சத்திரமெல்லாம் மெதுவா கல்யாண மண்டபம் ஆயிடுச்சு. தர்மத்துக்குக் கட்டினது வாடகைக்குப் போச்சு. அதையும் நான் முழுக்கக் குத்தம் சொல்ல மாட்டேன். வரி கட்டணும், சுண்ணாம்பு அடிக்கணும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கணும். ஆனா ஆடியிலும் மார்கழியிலும் நம்ம ஜனம் கல்யாணம் வைக்கறதில்லை. புரட்டாசியிலும் பாதிப் பேர் வைக்கறதில்லை. மத்த மாசத்துலயும் முகூர்த்தமில்லாத நாளுதான் அதிகம். அந்த நாட்களில் ஒரு பாய், ஒரு தலகாணி, குளிக்கத் தண்ணி, ஆளுக்கு நூறோ நூத்தம்பதோ வாங்கிக்கிட்டு நோயாளிக் குடும்பத்துக்குக் கொடுத்தா என்ன? ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டினா இடம்னு வச்சுக்கலாம். ஆதார்ல விலாசம் ஒத்துப்போகுதான்னு பார்க்கறதை விட அது நல்ல அத்தாட்சி. பழனியில் தேவஸ்தானம் தண்டபாணி நிலையம் நடத்துது, ஜனம் தங்கிட்டுப் போகுது, ஊர் ஒண்ணும் கெட்டுப்போகலை.

ஊருக்கு வந்து இதைச் சொன்னப்ப, கப்பல்ல வேலை பார்க்கற என் சித்தப்பா மகன் இத்தாலிக் கதை ஒண்ணு சொன்னான். அங்கே மலை உச்சியில் பழைய கல்லூர்கள் நிறைய. பிழைக்க வழியில்லாம ஜனம் இறங்கிப் போயிட்டதால வீடெல்லாம் காலி. 1976-ல் வடக்கே ஃபிரியூலியில் நிலநடுக்கம் வந்தப்புறம், இடிஞ்ச ஊரை எடுத்துக் கட்டுறப்ப ஒரு யோசனை வந்துச்சாம். புதுசா ஓட்டல் கட்டாம, காலி வீடுகளையே ஆளுக்கொரு ரூமா கொடுக்கறது. ஒரு வீட்டுல சாவி, இன்னொரு தெருவுல சாப்பாடு, மூணாவது சந்துல படுக்கை. ஊரே விடுதி. கேட்க நல்லாத்தான் இருந்தது. மயிலாப்பூர்ல சாப்பாடு ஏற்கெனவே அப்படித்தானே சிதறிக் கிடக்கு, படுக்கையும் அப்படி இருந்தா என்னன்னு தோணுச்சு. ஆனா சான்டோ ஸ்டெஃபானோன்னு ஒரு ஊரைப் போன்ல காட்டினான். ஆடு மேய்ச்சவங்க குடியிருந்த வீடு, கரி படிஞ்ச சுவரை அப்படியே விட்டிருக்காங்க. ஒரு ராத்திரி வாடகையை நம்ம காசுல போட்டுப் பார்த்தா பல மூட்டை நெல். அந்த வழியில் போனா மாட வீதியில் திண்ணை வச்ச வீடெல்லாம் 'பாரம்பரிய விடுதி' ஆகும். அத்தை மறுபடியும் பெஞ்சுலதான் படுப்பாங்க.

மறுநாள் திரும்பி வர்றப்ப ரயில்ல அத்தை இளையான்குடி மாறனார் கதையை ஆரம்பிச்சாங்க. முந்தின நாள் பல்லக்குல போனவங்கள்ல அவரும் ஒருத்தர், விவசாயி. மழை ராத்திரியில் ஒரு அடியார் வந்து நிக்கிறார், வீட்டுல குந்துமணி அரிசி இல்லை. பகல்ல விதைச்ச முளை நெல்லை இருட்டுல போய்ச் சேத்தோட வாரிக்கிட்டு வந்து, கூரைக் கட்டையை வெட்டி அடுப்பெரிச்சு ஆக்கிப் போட்டார். விதை விட்டவனுக்குத்தான் அது என்ன செய்கைன்னு தெரியும். இன்னிக்கு ஏக்கருக்கு 30 கிலோ விதையை ஊற வச்சு, மூட்டம் கட்டி, முளை பார்த்து விடுறோம். ஒரு மழை சாய்ச்சாலே தூக்கம் வராது. அதை நானே வாரி எடுப்பேனான்னு கேட்டா, சத்தியமா மாட்டேன்.

கதை தெரிஞ்சதுதான். ஆனா அத்தை சொன்ன ஒரு இடத்தை நான் அதுவரைக்கும் கவனிச்சதில்லை. "சோறு அப்புறம்தாம்ப்பா. வந்தவரு நனைஞ்சிருந்தாரு, முதல்ல ஈரத்தைத் துடைச்சு உள்ள இடம் கொடுத்தாரு. சேக்கிழாரு அதைத்தான் முதல்ல சொல்லியிருக்காரு." இடுப்புல கையை வச்சு அமுக்கிக்கிட்டே சொன்னாங்க. பெஞ்சுல படுத்த வலி.

இவ்வளவு எழுதிட்டு ஒண்ணை மறைக்கக் கூடாது. எங்க வீட்டுத் திண்ணையை இடிச்சு கிரில் கேட் போட்டது நான்தான். டிராக்டர் நிறுத்த இடம் வேணும்னு. தாத்தா காலத்துல திருவாரூர்த் தேருக்கு நடந்து போற ஜனம் அந்தத் திண்ணையில்தான் படுத்து எழுந்து போகும், யாருகிட்டயும் விலாசம் கேட்டதில்லை.

அத்தைக்கு அடுத்த தேதி வைகாசியில் கொடுத்திருக்காங்க. முகூர்த்த மாசம், மண்டபத்துல பெஞ்சு கூடக் கிடைக்காது. வாட்ச்மேன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். போறப்ப அவருக்குப் புது உளுந்து ரெண்டு படி எடுத்துக்கிட்டுப் போகணும்னு அத்தை இப்பவே தனியா கட்டி வச்சுட்டாங்க.