உற்பத்தித்திறன் யாருக்கு?

எல்கடுவப் பக்கம் கொழுந்து மடுவத்துல, தராசுக்கு முன்னால நிக்கிற நம்ம அம்மாமாருகிட்ட 'உற்பத்தித்திறன்'னா என்னன்னு கேட்டுப் பாருங்க. "கிலோ கொறஞ்சா அரைப்பேரு" என்பார்கள். அவங்களுக்கு அந்தச் சொல் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இப்போது அதே சொல் செயற்கை நுண்ணறிவோடு திரும்பி வருகிறது. ஏஐ உலக உற்பத்தியை 7 சதவீதம் கூட்டலாம் என்று 2023இல் கோல்ட்மன் சாக்ஸ் சொன்னது. 30 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமமான வேலை இயந்திரத்திடம் போகலாம் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. பொருளியலாளர் டாரன் அசெமோக்லு 2024இல் போட்ட கணக்கில், பத்து வருடத்தில் வரும் உற்பத்தித்திறன் உயர்வு 0.7 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கூடுவது எவ்வளவு என்று அவர்கள் சண்டை போடட்டும். கூடினது யார் கைக்குப் போகும் என்பதே எங்கள் கேள்வி.

ஏன் இந்தச் சந்தேகம்? 2024 மே மாதம் தோட்டத் தொழிலாளருக்கு 1,350 ரூபா நாட்சம்பளம், 350 ரூபா மேலதிகக் கொடுப்பனவு, மொத்தம் 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. சம்பளத்தை உற்பத்தித்திறனோடு சேர்த்துக் கட்டுங்கள் என்பதே அவர்களின் பழைய பல்லவி. செப்டம்பரில் உறுதியானது 1,350 மட்டும். உற்பத்தித்திறன் என்ற பெயரில் முதலில் வெட்டு விழுவது யாருக்கு என்று எங்களுக்குத் தெரியும்.

"ஏஐ கொழுந்து பறிக்கப் போறதில்லையே, உங்களுக்கு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சரிதான். ஆனால் கோல்ட்மன் சாக்ஸின் அதே அறிக்கை, அமெரிக்காவில் அலுவலக உதவி வேலைகளில் 46 சதவீதத்தை இயந்திரம் செய்யலாம் என்கிறது. எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பு, கால் சென்டர்: லயத்தை விட்டு வெளியேற கலைப்பீடத்துப் பிள்ளைகளான நாங்கள் நம்பியிருக்கும் வேலைகள் இவைதானே! அம்மா கூடையைச் சுமந்தபடியே இருப்பார், நாங்கள் ஏறவிருந்த படி மட்டும் போய்விடும்.

இயந்திரமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் 1,500 கோடி டொலர் டிஜிட்டல் பொருளாதாரம் என்று 2025 வரவுசெலவுத் திட்டம் இலக்கு வைத்தது. எல்கடுவ பிளான்டேஷன் அரசுக்குச் சொந்தமானது. அப்போ அரசு இங்கிருந்தே தொடங்கலாமே? புதுத் தொழில்நுட்பம் தோட்டத்துக்குள் வரும் முன்பு, அதனால் வரும் லாபத்தில் தொழிலாளரின் பங்கை ஒப்பந்தமாக எழுதட்டும். 2021இல் கம்பனிகள் கைவிட்ட கூட்டு ஒப்பந்தம் மாதிரி ஒன்று மறுபடி வேண்டும். பறிப்பவரின் கிலோக் கணக்கு அவர் கையிலும் இருக்கட்டும். தோட்டப் பாடசாலைகளில் தமிழில் கணினி படிப்பிக்கட்டும்.

2023 ஆகஸ்டில், இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் மாத்தளையில் வந்து முடிந்தது. வாக்குறுதியை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இந்த முறை எழுத்தில் கேட்கிறோம்.