மட்டையைப் பெட்டியில் வையுங்கள்!

போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் வேலை. மூத்த மகள் மேல்படிப்புக்காக மெல்பர்ன் போகிறாள். பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் ஆடியவள். "விமானத்தில் முப்பது கிலோதான் விடுவார்களாம். அவள் அம்மா மிளகாய்த் தூளுக்கும் ஊறுகாய்க்கும் இடம் தேடுகிறாள். இவளோ டென்னிஸ் மட்டையை எடுத்துப் போவேன் என்று அடம் பிடிக்கிறாள். அங்கே இவளுக்கு யாரைத் தெரியும்? யார் இவளோடு ஆட வரப் போகிறார்கள்? வீண் சுமைதானே?" என்று கேட்கிறார்.

வீண் சுமை அல்ல, ஐயா. ஊறுகாய் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். மட்டை மூன்று வருடமும் கூட இருக்கும். வெளியூர் போன பிள்ளைக்கு முதல் மாதத்தில் பெரிய குறை சாப்பாடு அல்ல. பேச ஆள் இல்லாத மாலை நேரம்தான். அந்த நேரத்தை நிரப்ப ஒரு விளையாட்டைப் போல் உதவுவது வேறொன்றும் இல்லை. ஆனால் அதற்கு வழி தெரிந்திருக்க வேண்டும். படிக்கப் போகிறவர்களுக்கும், வேலையாகப் போகிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் தயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "யார் நம்மோடு ஆட வருவார்கள்?" என்ற கேள்வி நம் வீடுகளுக்குள் வந்த வழி நமக்குத் தெரிந்ததுதான். தோட்டத்தில் டென்னிஸ் கோர்ட் துரைமாரின் கிளப்பை ஒட்டியோ பங்களாவை ஒட்டியோ இருந்தது. புல் வெட்டி, உருளை இழுத்து, வெள்ளைக் கோடு போட்டவர்கள் நம் ஆட்கள். வேலி தாண்டி ஓடிய பந்தைப் பொறுக்கிக் கொடுத்தவர்கள் நம் பிள்ளைகள். ஆடியவர்கள் வேறு. லயத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து உண்டு, பூப்பந்து உண்டு, சடுகுடு உண்டு. அந்த வேலிக்குள் மட்டும் இடமில்லை. டென்னிஸ் என்றால் யாராவது கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம் என்ற எண்ணம் தாத்தாவோடு போகாமல் பேரப்பிள்ளை வரைக்கும் வந்துவிட்டது.

வேலிக்கு வெளியே நின்ற இன்னொரு பிள்ளையின் கதையை, மெல்பர்ன் போகும் மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாரெல்லன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே பூர்வகுடிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, டென்னிஸ் கோர்ட்டின் வேலி வழியாக உள்ளே நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பில் கர்ட்ஸ்மன் என்ற உள்ளூர்வாசி அதைக் கவனித்து, "உள்ளே வந்து ஆடு" என்று ஊக்கம் கொடுத்தார். அந்தச் சிறுமிதான் இவோன் கூலகோங். 1971ல் விம்பிள்டன் வென்றார். 1980ல், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, மீண்டும் வென்றார். 1914க்குப் பிறகு விம்பிள்டன் ஒற்றையரில் ஒரு தாய் வென்றது அதுவே முதல் முறை. உள்ளே கூப்பிட ஒருவர் இருந்தார், கூப்பிட்டதும் போக அவருக்குத் துணிவும் இருந்தது. இன்று பெரும்பாலான ஊர்களில் கூப்பிடவும் வேண்டியதில்லை. நாமே கேட்டுக்கொண்டு போகலாம்.

கோர்ட் எங்கே கிடைக்கும்?

நட்சத்திர ஓட்டல்களையும் பெரிய கிளப்புகளையும் நினைத்து மலைக்க வேண்டாம். புது ஊரில் மூன்று இடங்களில் கேளுங்கள். ஒன்று, நகராண்மைக் கழகத்தின் பூங்காப் பிரிவு. இரண்டு, பல்கலைக்கழகம். மூன்று, நீங்கள் தங்கியிருக்கும் வட்டாரத்தின் சிறிய கிளப். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று கை கொடுக்கும்.

மெல்பர்னைச் சொல்வதானால், அங்கே வட்டாரத்துக்கு வட்டாரம் சிறிய டென்னிஸ் கிளப்புகள் உண்டு. உறுப்பினர் அல்லாதவர்களும் பல கோர்ட்டுகளை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். இணையத்தில் பணம் கட்டினால் கதவைத் திறக்கும் எண் கைப்பேசிக்கு வந்துவிடும். காவலாளியைத் தேட வேண்டியதில்லை. 1988 முதல் ஆஸ்திரேலியப் பொதுப் போட்டி நடந்து வரும் மெல்பர்ன் பார்க்கில்கூட, போட்டிக் காலம் போக மற்ற நாள்களில் பொதுமக்கள் காசு கட்டி ஆடலாம்.

நியூயார்க்கிலும் இப்படித்தான். அமெரிக்கப் பொதுப் போட்டி நடக்கும் ஃபிளஷிங் மெடோஸ் நிலையம் ஒரு பொதுப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது ஊராருக்குத் திறந்திருக்கிறது. சென்ட்ரல் பார்க்கிலும் பொதுக் கோர்ட்டுகள் உண்டு; குளிர்காலத்தில் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். பிரிட்டனில் 2021க்குப் பிறகு அரசாங்கமும் அந்நாட்டு டென்னிஸ் சங்கமும் சேர்ந்து 30 மில்லியன் பவுண்டு அளவில் செலவிட்டு, பாழடைந்து கிடந்த பூங்காக் கோர்ட்டுகளைப் புதுப்பித்தன. பல பூங்காக்களில் வாரம் ஒருமுறை இலவச ஆட்டமும் நடக்கிறது. தனியாகப் போகலாம்; மட்டையும் அங்கேயே தருவார்கள். லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் அப்பாமார்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பக்கத்துச் சிங்கப்பூரில் ஆக்டிவ்எஸ்ஜி என்ற அரசாங்க ஏற்பாட்டின் மூலம் பொதுக் கோர்ட்டுகளைப் பதிவு செய்கிறார்கள். மாலை நேரங்களும் வார இறுதிகளும் சீக்கிரம் நிரம்பிவிடும். அங்கே உள்ள உறவினரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சென்னையில் பழைய பெரிய கிளப்புகளுக்குள் போக உறுப்பினர் ஒருவரின் துணை வேண்டும். ஆகவே அங்கே போகிறவர்கள் முதலில் உறவுக்காரர், நண்பர் வட்டத்தில் விசாரிப்பது நல்லது.

ஆட யார் வருவார்கள்?

கோர்ட்டைக் காசு கொடுத்து வாங்கலாம். எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டுமே! இங்கேதான் நம்மவர்கள் சோர்ந்து போகிறார்கள்.

கிளப்புக்குத் தொலைபேசியில் பேசும்போது "கோர்ட் வாடகை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். "தனியாக வருகிறவர்கள் கலந்து ஆடும் நாள் உண்டா?" என்று கேளுங்கள். பல கிளப்புகளில் வாரத்தில் ஒரு மாலை அதற்கென்றே இருக்கும். வந்தவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து இரட்டையர் ஆட்டம் வைப்பார்கள். ஒரே மாலையில் ஏழெட்டுப் பேர் அறிமுகமாகிவிடுவார்கள். அடுத்த வாரம் உங்களைத் தேடி அவர்களே செய்தி அனுப்புவார்கள்.

அதுவும் இல்லையென்றால் பயிற்சிச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் உங்களைப் போலவே துணை தேடுகிறவர்தான். கால் மணி நேரம் பக்கத்தில் நின்று அடியுங்கள். பிறகு ஒரு புன்னகை போதும். இல்லாவிட்டால் உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்து ஆடிப் பாருங்கள். உங்கள் தரத்துக்கு ஏற்ற ஆள் யார் என்பது அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இக்காலத்தில் ஆடத் துணை சேர்த்து வைக்கும் செயலிகளும் உண்டு. அவற்றின் வழியாக அறிமுகமாகிறவரை முதல் முறை பகலில், நாலு பேர் நடமாடும் பொதுக் கோர்ட்டில் மட்டும் சந்தியுங்கள். எங்கே போகிறோம் என்று அறைத் தோழியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பெண் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தரத்தைச் சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நம்மவர்களுக்கு அடக்கம் அதிகம். பள்ளி அணிக்கு ஆடியவர்கூட "ஏதோ கொஞ்சம் தெரியும்" என்பார். எதிரே வருகிறவர் அதை அப்படியே நம்பி, பந்து பிடிக்கத் தெரியாத ஒருவரை ஜோடி சேர்த்துவிடுவார். இருவருக்கும் மாலை வீண். "ஐந்து வருடம் ஆடியிருக்கிறேன், பத்துப் பந்து விடாமல் திருப்பி அடிப்பேன், சர்வீஸ் கொஞ்சம் பலவீனம்" என்று சொல்லிப் பாருங்கள். எந்த நாட்டிலும் புரியும். அமெரிக்காவில் 1.0 முதல் 7.0 வரை ஒரு தரக் கணக்கு உண்டு; எண் ஏற ஏறத் தரம் கூடும். உலக டென்னிஸ் எண் என்று அனைத்துலகச் சம்மேளனம் வகுத்ததில் 40 தொடக்கநிலை, 1 உச்சம். இரண்டும் எதிரெதிர்த் திசை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மற்றபடி மொழி தெரியாதே என்ற பயம் வேண்டாம். எந்த ஊரிலும் கோர்ட்டின் நீளம் 78 அடி. ஒற்றையருக்கு அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. வலையின் நடுவில் உயரம் மூன்று அடி. கிள்ளானில் பழகிய கால் மெல்பர்னிலும் அதே கோட்டில்தான் நிற்கும்.

மரியாதை நான்கு

அழைப்பு ஒருமுறை யாரிடமிருந்தும் வரலாம். இரண்டாம் முறை வருவது நம் நடத்தையைப் பொறுத்தது.

ஒன்று, பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றவர்களின் கோர்ட்டுக்குப் பின்னால் நடக்காதீர்கள். புள்ளி முடியும் வரை நில்லுங்கள்.

இரண்டு, நடுவர் இல்லாத ஆட்டத்தில் உங்கள் பக்கம் விழும் பந்தை உள்ளே, வெளியே என்று சொல்வது நீங்கள்தான். சந்தேகம் வந்தால் அந்தப் புள்ளி எதிராளிக்கே. இந்த ஒரு பழக்கத்தாலேயே உங்கள் பெயர் ஊரில் நிலைக்கும்.

மூன்று, கோர்ட் அவர்கள் ஏற்பாடு என்றால் புதுப் பந்து உங்கள் செலவாக இருக்கட்டும். விருந்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போவோமா?

நான்கு, களிமண் கோர்ட்டாக இருந்தால் ஆடி முடித்ததும் பாயை இழுத்து மண்ணைச் சமன் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

பெட்டியில் என்ன?

மட்டை ஒன்று போதும். அதைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக விடுவார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முன்பே கேட்டுவிடுங்கள். பெட்டிக்குள் வைப்பதானால் துணிகளுக்கு நடுவே வையுங்கள். அடிப்பாகம் கறை விடாத சப்பாத்து ஒரு ஜோடி வேண்டும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். சப்பாத்தில் நம் ஊர்ச் செம்மண் ஒட்டியிருந்தால் அங்கே சுங்கத்தில் நிறுத்துவார்கள். நன்றாகக் கழுவிக் காய வைத்து எடுத்துச் செல்லுங்கள். அம்மா கட்டிக் கொடுக்கும் ஊறுகாயையும் மிளகாய்த் தூளையும் மறைக்காமல் படிவத்தில் எழுத வேண்டும். மறைத்தால் அபராதம்.

நம் ஊருக்கு வருகிறவர்கள்

இதுவரை நாம் போவதைப் பற்றிப் பேசினோம். நம்மிடம் வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

1971ல் அமெரிக்க ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷ் ஆப்பிரிக்கப் பயணத்தின்போது கமரூன் நாட்டின் யவுண்டே நகருக்குப் போனார். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி விளையாட்டிடம் இருந்த ரிச்மண்ட் நகரில் வளர்ந்தவர் அவர். யவுண்டேயில் உள்ளூர்ச் சிறுவன் ஒருவனோடு பந்தடித்துப் பார்த்தார். அவன் திறமையைக் கண்டு பிரெஞ்சு டென்னிஸ் அதிகாரிகளிடம் சொன்னார். யானிக் நோவா என்ற அந்தச் சிறுவன் 1983ல் பிரெஞ்சுப் பொதுப் போட்டியை வென்றான். ஆஷும் 1975ல் விம்பிள்டன் வென்றார். ஊருக்குப் புதியவர் ஒருவரோடு ஆடிய ஆட்டம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

நம் துறைமுகம் 1901ல் போர்ட் சுவெட்டன்ஹம் என்று திறந்தது. 1972ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. எந்தப் பெயரிலும் அது வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும் இடம்தான். நம் பாட்டன் பூட்டன்மார் பலர் இறங்கியதும் அங்கேதான். இன்றும் கப்பலாட்கள் வருகிறார்கள். வேலைக்கென்று பல நாட்டு இளைஞர்கள் வருகிறார்கள். கல்லூரிகளுக்கு வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். டென்னிஸ் கோர்ட்டோ பூப்பந்து மண்டபமோ, நீங்கள் ஆடும் இடத்தின் ஓரமாக யாராவது ஒருவர் கையில் மட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வரத் தயங்குவார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்.

அடுத்த ஆட்டத்தில் அவருக்கு ஓர் இடம் கொடுங்கள். பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.