நடந்து போகும் ஊரை நாடு கடத்தாதே!



தாராவியைச் சேரி என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறார்கள். அதைத் துடைத்தெறிந்து அடுக்குமாடிகளை எழுப்பினால் நமக்கு நல்வாழ்வு வந்துவிடுமாம்! கழிப்பறை, குழாய்த் தண்ணீர், நல்ல சாக்கடை: இவற்றை நாமும்தான் பல்லாண்டாகக் கேட்கிறோம். சாக்கடையைத் திருத்தச் சொன்னால் தெருவையே எடுத்துப்போவது என்ன நியாயம்?

நம் தெருவைப் பாருங்கள். விடியுமுன் இட்லி அவிக்கும் அறையில்தான் குடும்பமும் வாழ்கிறது. கும்பார்வாடாவில் வீடுகளுக்கு நடுவே சூளை. கீழே தோல் பட்டறை, மேலே தொழிலாளி. அப்பளம் இடும் தாய் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே கூலி சம்பாதிக்கிறாள். பள்ளி, ரேஷன் கடை, கோயில், மசூதி எல்லாம் நடக்கும் தூரம். ஒரு பக்கம் மாஹிம் ரயில் நிலையம், மறுபக்கம் சயான். பஸ்ஸுக்குக் காசில்லாத நாளிலும் நம் பிழைப்பு நிற்பதில்லை.

வீடும் கடையும் தொழிலும் கலந்த தெருவே உயிருள்ள தெரு. அங்கு வாழும் மக்களின் கண்களே அதற்குக் காவல். 1961-இல் அமெரிக்காவின் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் நூல் எழுதி நிறுவிய கருத்து இது. படித்தவன் சொன்னால் நகர அமைப்பு. பாட்டாளி வாழ்ந்து காட்டினால் ஆக்கிரமிப்பா?

திட்டம் என்ன சொல்கிறது? 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி. மாடிவாசியும் பின்னால் வந்தவரும் வெளியே! அவர்களுக்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதி உப்பள நிலம் 255.9 ஏக்கரைக் கொடுக்க 2024-இல் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது.

வெளியே போனவர் கதி என்ன? சென்னைக் கூவக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றப்பட்ட நம் உறவுகளைக் கேளுங்கள். வீடு கிடைத்தது, வேலை தொலைந்தது. இங்கே மாகுலில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே குடியேற்றப்பட்டவர்கள் நச்சுக் காற்றோடு போராடினார்கள். இனி யாரையும் அங்கே வற்புறுத்தி அனுப்பக் கூடாதென்று 2019-இல் உயர்நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

தரைத்தளத்துத் தோழரே, "எனக்கு வீடு உண்டு" என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் மாடிக்காரர் போய்விட்டால் உங்கள் பெட்டிக்கடைக்கு யார் வருவார்? பதினைந்தாம் மாடியில் இட்லிக் கொப்பரையை எங்கே ஏற்றுவீர்கள்? முன்னே வந்தவர், பின்னே வந்தவர் என்பது நம்மை நாமே வெட்டிக்கொள்ள அவர்கள் நம் கையில் கொடுக்கும் கத்தி!

தரை, மாடி, வாடகை என்ற பேதமின்றி எல்லோருக்கும் தாராவியிலேயே வீடு! வீட்டோடு தொழிலுக்கும் இடம்! பிள்ளைகள் நடந்து பள்ளி போகும் தெரு! இவை சலுகைகள் அல்ல. சதுப்பு நிலத்தை ஊராக்கிய உழைப்பின் உரிமை!